டிசம்பரில் படகு விற்கிறவன்

ஹல்கைர் படகை விற்பதென்று முடிவு செய்தபோது காலை மணி பதினொன்றரை. அப்போதுதான் எழுந்திருந்தான். பதினான்கு மணி நேரம் தூங்கியும், யாரோ அடித்துப் போட்டதுபோல உடம்பு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. வடதுருவப் பக்கத்து வார்டோ தீவில் சூரியன் மறைந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது; இனி ஜனவரி மூன்றாம் வாரம்தான் தலைகாட்டும். அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

முடிவு எடுத்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. சமையலறையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து வாசல், வாசலிலிருந்து மறுபடி சமையலறை. ஒவ்வொரு சுற்றிலும் ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒரு சீவல் வைத்துத் தின்றான். பசியில்லை. வாய்க்கு வேலை வேண்டியிருந்தது.

காரணங்கள் தயாராக இருந்தன. வலது முழங்கால் வலிக்கிறது. டீசல் கட்டுப்படியாகவில்லை. நாற்பத்தேழு வயதில் தனியாகக் கடலுக்குப் போகிறவன் முட்டாள். எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. தெற்கே ஓலசுண்டிலிருந்து ரோல்வ் என்று ஒருவன் வாங்க ஒப்புக்கொண்டான். படகோடு மீன்பிடி உரிமையும் போகும். போனால் போனதுதான், இன்னொன்று வாங்க ஹல்கைரின் ஆயுள் போதாது. ஐந்தாம் நாள் ஒப்பந்தம் கைபேசிக்கு வந்தது. அன்று நண்பகல் பன்னிரண்டுக்குள் ஒருமுறை விரலால் அழுத்திவிட்டால் வேலை முடிந்தது.

பன்னிரண்டாக அரை மணி இருக்கும்போது குன்வோர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். பள்ளியில் அவனோடு படித்தவள். துறைமுகத்தில் அவன் படகுக்கு அடுத்த படகு அவளுடையது. காலணியில் ஒட்டிய பனியை அவன் வீட்டுத் தரையிலேயே தட்டினாள்.

"என்னடா, பொணம் மாதிரி இருக்க? வீடே நாறுது."

"எதுக்கு வந்த?"

"படகை விக்கிறியாமே. துறைமுகமே சிரிக்குது."

"சிரிக்க என்ன இருக்கு? முட்டி போச்சுடி. படகுல ஏற முடியல."

"எந்த முட்டி?"

"வலது."

"போன வருஷம் இடது."

"என்ன போன வருஷம்?"

அவள் கைபேசியை எடுத்துத் துழாவிப் படித்தாள். "போன டிசம்பர் ஆறு. கேட்டுக்கோ. 'குன்வோர், என் படகை வாங்கிக்கிறியா? இடது முட்டி சரியில்ல. டீசல் கட்டுப்படியாகல. தனியா கடலுக்குப் போறவன் முட்டாள்.' அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர் ரெண்டு. அப்ப முட்டி இல்ல, முதுகு. மத்தது அப்படியே."

ஹல்கைர் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் அனுப்பியதுதான். எழுதிய ஞாபகம் துளியும் இல்லை. பிப்ரவரியில் காட் மீன் குவியும்போது இந்த டிசம்பர்க்காரனை அவன் நினைப்பதே கிடையாது.

"அப்ப நீ ஏன் வாங்கல? என் படகு மேல உனக்கு ஒரு கண்ணு உண்டே."

"இப்பவும் உண்டு. இருட்டுல விக்கிறவன்கிட்ட வாங்கினா, வெளிச்சம் வந்தப்புறம் அவன் மூஞ்சியை தினமும் நான்தான் பாக்கணும். என் நாயை நான் குடுத்தேனே, தெரியுமா?"

"தெரியும். வயசாயிடுச்சுன்னு சொன்ன."

"பொய். டிசம்பர்ல, இதை யாரு வெளிய கூட்டிட்டுப் போறதுன்னு தோணிச்சு. குடுத்துட்டேன். ஜனவரி கடைசியில போய்த் திருப்பிக் கேட்டேன். வாங்கிட்டுப் போன அம்மா முடியாதுன்னுட்டா. சரியாத்தான் சொன்னா. இப்ப ரோட்ல என்னைப் பாத்தா அது வாலைக்கூட ஆட்டறதில்ல."

நாளைக்குக் காற்று எந்தத் திசை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன். வெயில் இல்லாத மாசத்துல சில பேருக்கு மனசு இப்படி ஆகுமாம். தினம் காலைல அரை மணி நேரம் வெளிச்சப் பெட்டி முன்னாடி உக்காரச் சொன்னாரு. மாத்திரை குடுத்தாரு. மத்தியானம் எப்படியாவது வெளிய நடன்னாரு."

"சரியாயிடுச்சா?"

"மயிரு சரியாச்சு. டிசம்பர் டிசம்பர்தான். ஆனா எதையும் தூக்கிக் குடுக்கறதில்ல."

"எனக்கு அந்த மாதிரி இல்ல. நான் அழறேனா? நல்லாத் தூங்கறேன், நல்லாத் திங்கறேன்."

"கரடி மாதிரி தூங்கற, பன்னி மாதிரி திங்கற. அதாண்டா அது, எருமை." அவள் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "உன் கையைப் பிடிச்செல்லாம் நிறுத்த மாட்டேன். கொட்டகைல தூண்டிலுக்கு இரை கோக்க ஆள் பத்தல. வர்றதுன்னா வா."

கதவு சாத்திக்கொண்டது. பன்னிரண்டுக்கு ஒன்பது நிமிடம்.

அவன் மறுபடி நடந்தான். முழங்கால் உண்மையிலேயே வலித்தது. டீசலும் உண்மைதான். எல்லாம் உண்மையாக இருந்தும், சொல்கிற ஆளை நம்ப முடியவில்லை. அந்த ஆள் அவனேதான். நான்கு நிமிடம் இருக்கும்போது ரோல்வை அழைத்தான்.

"இப்ப வேணாம். பிப்ரவரியில பேசலாம்."

"ஏன்? வேற யாராவது கூட விலைக்குக் கேக்கறாங்களா?"

"இல்ல. இங்க இருட்டா இருக்கு."

"இருட்டா? படகுல விளக்கு இருக்குல்ல?"

"படகுல இருக்கு."

"பிப்ரவரி வரைக்கும் என்னால காத்திருக்க முடியாதுங்க. வேற படகு பாத்துக்கறேன்."

"பாத்துக்கங்க."

இப்போதும் நிம்மதி வரவில்லை. விற்றிருக்கலாமோ என்று உடனே தோன்றியது. அந்த நினைப்பு முற்றுவதற்குள் ஊர் சுகாதார நிலையத்தின் எண்ணை அழுத்தினான். ஒரு செவிலி எடுத்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

பதினேழு நாள் என்று நாக்கில் வந்தது. "வருஷா வருஷம்," என்றான்.

"சாகணும்னு தோணுதா?"

"இல்ல. படகை விக்கணும்னு தோணுது."

அவள் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாங்க."

"காலையிலயா? என்னால எந்திரிக்க முடியாது."

"எட்டரைக்கு நான் போன் பண்றேன். எடுக்கலன்னா மறுபடியும் பண்ணுவேன். திட்டுவீங்க. பரவால்ல, எல்லாரும்தான் திட்டறாங்க."

தெற்கே வானத்தின் ஓரம் கொஞ்சம் நீலமாகியிருந்தது. ஒரு மணி நேரம் நிற்கும், பிறகு அதுவும் போய்விடும். கொட்டகை வரை நடக்க அது போதும். ஹல்கைருக்கு ஒரு காலணி கிடைத்தது. எரிச்சலோடு மற்றதைத் தேடினான்.