முழங்காலுக்குத் தெரியாது

ரோசலினின் முழங்காலைக் கெடுத்தவள்தான் தினமும் காலையில் அவளை ஃபிசியோதெரபிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

இருவரும் திண்டுக்கல்லில் ஒரே கால்பந்து அணியில் ஆறு வருடமாக ஆடுகிறவர்கள். ரோசலினுக்கு இருபத்தாறு வயது. நாகல் நகரில் வீடு, தனியார் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர் வேலை. அணியில் கோல் அடிக்கிறவள் அவள்தான். புவனேஸ்வரி அகரத்தில் பூ விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது அவள் வேலை. ஜூன் மாதம் ஒரு நாள் தங்களுக்குள் இரண்டு பிரிவாகப் பிரிந்து பயிற்சி ஆடும்போது, ரோசலின் பந்தோடு ஓடி வர, புவனா சறுக்கி வந்து காலை நீட்டினாள். ரோசலினின் இடது பாதம் தரையில் ஊன்றியபடி நின்றது, முட்டி மட்டும் திரும்பியது. உள்ளே ஜவ்வு அறுந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒன்பது மாதத்துக்குப் பந்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். பள்ளியில் இந்த வருடம் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஆரம்பித்தார்கள். ரோசலினுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

நான்காவது வாரத்திலிருந்து புவனா வந்தாள். அகரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, ரோசலினைப் பக்கவாட்டில் காலை நீட்டி உட்கார வைத்து, ஊன்றுகோலை முன்னால் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஃபிசியோதெரபி நிலையத்துக்கு மெதுவாக ஓட்டுவாள். முடியும்வரை காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவாள். ரோசலினின் அம்மா ஆனந்தமேரி, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. புவனாவுக்குத் தினமும் இட்லி வைத்துக் கொடுத்து, தங்கமான பிள்ளை, யார் இந்தக் காலத்தில் இப்படிச் செய்கிறார்கள் என்பாள். தெரியாமல் நடந்ததற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று அணியிலும் எல்லோரும் புவனாவைத்தான் மெச்சினார்கள். ரோசலினுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிந்தது. ஆனால் எரிச்சல்படுவதற்கு நியாயமான காரணம் எதுவும் அவளிடம் இல்லை. நல்லது செய்கிறவள்மேல் எப்படிக் கோபப்படுவது? அதனால் அந்தக் கோபத்தையும் தன்மேலேயே திருப்பிக்கொண்டாள்.

ஃபிசியோதெரபி பார்த்தவர் ஃபாரிஸ் என்ற இளைஞர். அதிகம் பேசாதவர். முதல் நாளே இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்து காட்டினார். இடது தொடை இரண்டு அங்குலம் இளைத்திருந்தது. அதைப் பார்த்து ரோசலின் அழுதாள். அவர், கெட்டது ஒரு முட்டிதான், மிச்ச உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். கைக்கு டம்பெல், வயிற்றுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. மூச்சு வாங்கும்வரை காற்றில் குத்து விடுவது ஒன்று. கடைசியில் கண்ணை மூடி, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். இந்த மூச்சுப் பயிற்சியை ரோசலின் வெறுத்தாள். கண்ணை மூடினால் போதும், அந்தச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் திரும்பி வரும்போது, வழியில் ஒரு வேப்பமரத்தடியில் புவனா வண்டியை நிறுத்தினாள். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று ரோசலின் நினைத்தாள். புவனா திரும்பிப் பார்க்காமல், ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே பேசினாள்.

"ரோசி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் பந்தப் பாத்து காலை விடல."

ரோசலினுக்குப் புரியவில்லை.

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ என் காலுக்கு நடுவுல பந்த விட்டு எடுத்துட்டுப் போன. திரும்பிப் பாத்துச் சிரிச்ச. புதுசா சேந்த பிள்ளைகளும் சிரிச்சுச்சுக. மூணாவது தடவ நீ வாரப்ப, பந்து போனாப் போகுது, இவ விழட்டும்னு காலை விட்டேன். இம்புட்டு ஆகும்னு நெனைக்கல."

ரோசலின் சிரித்தது உண்மைதான். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் ஒரு சிரிப்புக்கு ஒரு காலா?

"இத ஏன் இப்பச் சொல்ற?"

"உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு இருக்க முடியல."

"ஒனக்குப் பாரம் எறங்கிருச்சு. தூக்கி என் தலையில வச்சுட்ட."

ரோசலின் வண்டியிலிருந்து இறங்கினாள். ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். புவனா வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தாள். இன்னொரு அடி வந்தால் கம்பால் அடித்துவிடுவேன் என்று ரோசலின் சொன்னதும் நின்றுவிட்டாள். அன்று ஆட்டோவில் வீட்டுக்கு வந்தவள், மறுநாளிலிருந்து தனியாகவே ஆட்டோவில் போய்வந்தாள். அம்மாவிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவு நாள் திக்கில்லாமல் இருந்த கோபத்துக்கு இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. அது அவளைத் தூங்க விடவில்லை. ஒன்பது மாதம் எதற்கு, ஆறே மாதத்தில் மைதானத்தில் நின்று காட்டுகிறேன் என்று முடிவு செய்தாள். ஃபாரிஸ் சொன்னதோடு நிறுத்தாமல், அம்மா பள்ளிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காலிலும் உட்கார்ந்து எழுந்தாள். முதல் நாள் இருபது, மூன்றாம் நாள் அறுபது. ஒவ்வொரு முறை எழும்போதும் புவனாவின் பெயரைச் சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் நாள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கி, கால் மடங்கவே மறுத்தது.

ஃபாரிஸ் தொட்டுப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். எத்தனை என்று கேட்டார். அவள் பொய் சொல்லிப் பார்த்து, பிறகு ஒப்புக்கொண்டாள். டாக்டரிடம் போய் ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் பின்னால் போய்விட்டோம் என்றார் ஃபாரிஸ். அதற்கு அவர் குரலை உயர்த்தவில்லை என்பதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

"யார் மேல கோவம்னு நான் கேக்கலைங்க. முட்டிக்கு அது தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் எத்தன வாரம் ஆச்சுங்கறதுதான். கோவத்தக் கையில காட்டுங்க, தாங்கும்."

வீட்டில் சாக்கு ஒன்றில் பழைய துணியைத் திணித்து, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, குத்தினாள். முதல் வாரம் கை விரல் கணுவெல்லாம் தோல் உரிந்தது. தோள் திரண்டது. குத்தி முடித்து வேர்த்துக் கிடக்கும்போது மட்டும், அந்த நாலும் ஆறும் எண்ணுகிற மூச்சு அவளுக்கு வசப்பட்டது. அந்தக் கொஞ்ச நேரம் மனசுக்குள் யாரும் இல்லை.

ஆனால் அம்மா விடவில்லை. புவனாவை என்ன சொல்லி விரட்டினாய், இரக்கமே இல்லையா உனக்கு, அந்தப் பிள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று தினமும் ஒரு பாட்டம் திட்டினாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதையே மறுபடி தொடங்கவே, ரோசலின் ஃபோனை எடுத்துப் புவனாவைக் கூப்பிட்டாள். இப்போதே வா, என்னிடம் சொன்னதை என் அம்மாவிடம் சொல், என் வாயால் சொன்னால் நம்ப மாட்டாள் என்றாள்.

புவனா வந்தாள். ஆனந்தமேரி வழக்கம்போல உட்காரச் சொன்னாள். புவனா உட்காரவில்லை. நின்றபடியே, ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள்.

"வேணும்னேவா?" என்று ஆனந்தமேரி கேட்டாள்.

"ஆமாம்மா."

ஆனந்தமேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என் கையால ஒரு மாசம் சாப்ட்டியே. அதுல ஒரு நாளாச்சும் சொல்லத் தோணலயா தாயி?"

புவனா அழுதாள். ஆனந்தமேரி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். "போ" என்றாள். எந்த விருந்தாளியையும் போய்ட்டு வா என்று சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து அவள் அனுப்பியதில்லை.

மன்னித்துவிடு என்று அம்மா சொல்வாள், அதற்கு என்னென்ன பேசுவது என்று ரோசலின் தயாராக வைத்திருந்தாள். அம்மா அடுப்படிக்குப் போய், அங்கிருந்தே, "ஃபாதர் வேணும்னா மன்னிக்கச் சொல்லுவாரு. நான் சொல்ல மாட்டேன். நீ போய் எக்சர்சைசப் பண்ணு" என்றாள். அன்று ரோசலின் மத்தியானமே படுத்துத் தூங்கினாள்.

அடுத்த வாரம் புவனா தானாகவே அணியிலும் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். சிலர், ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்தானே, உண்மையைச் சொன்னாளே அதுவே பெரிது என்றார்கள். அந்தப் பேச்சு காதுக்கு வந்த அன்று ரோசலின் குத்திய குத்தில் சாக்கு கிழிந்து துணி தரையில் கொட்டியது. அவளே உட்கார்ந்து தைத்தாள்.

ஜனவரி கடைசியில் தொடை அளவு சரிக்குச் சரி வந்தது. மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடலாம், நாலு சுற்று, அதற்கு மேல் ஒரு அடி கூடாது என்றார் ஃபாரிஸ். காலை ஏழு மணிக்கு ரோசலின் போனபோது அணி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில், கோட்டுக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புவனா ஓரமாக வந்து நின்றாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது. தள்ளு, ஓடணும்."

புவனா விலகினாள். ரோசலின் அவளைத் தாண்டி ஓடினாள். கோபம் போய்விடவில்லை, அது கூடவே ஓடி வந்தது. ஆனால் முட்டி எப்படி இறங்குகிறது, மூச்சு எங்கே வாங்குகிறது என்று கவனிக்க வேண்டியிருந்ததால், அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. நாலாவது சுற்று முடிந்தபோது கால் இன்னும் ஒரு சுற்று கேட்டது. ரோசலின் நின்றாள், குனிந்து ஷூவைக் கழற்றினாள்.