நாலுக்கு ஒன்றாய்க் காய்ச்சிய தண்ணீர்

மண் பரிசோதனை வண்டியில் வந்திருந்த ஆபீசர் தாமோதரன், குழி குழியான வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கிணற்றுச் சுவரின் மேல் வைத்து, ஒவ்வொரு குழியையும் கைக்குட்டை முனையால் துடைத்தார். எண்பத்திரண்டாம் வருஷத்துப் பங்குனி. வெயில் ஏறுவதற்கு முன்பே பம்புசெட்டு ரூமின் தகரக் கதவு சுட ஆரம்பித்திருந்தது. கிணற்றில் தண்ணீர் அடிப்பாறை தெரிகிற அளவுக்கு இறங்கிக் கிடந்தது. வேதாசலம் வாளியை இறக்கி, முதலில் வந்ததைக் கொட்டிவிட்டு, அடுத்ததைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தான்.

அவரைக் கூப்பிட்டு வந்தவனே அவன்தான். போன பட்டத்தில் கிணற்றடிக் கொல்லையில் போட்ட வேர்க்கடலை, செடி என்றால் செடி, அப்படியொரு செடி. கருகருவென்று முழங்கால் உயரம். பெருநகர் என்கிற ஊருக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு விசாரித்தார்கள். பிடுங்கிப் பார்த்தால் வேரில் நாலு காய் இல்லை. மண்ணில் கோளாறா, தண்ணீரில் கோளாறா என்று பார்த்துவிடலாம் என்று, வண்டி பள்ளிக்கூடத்து மைதானத்தில் வந்து நின்றதுமே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தான்.

பங்காளி பெருமாளும் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சோடா பாட்டிலில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான்.

"எங்க கெணத்த எல்லாம் வுட்டுட்டு இவன் கெணத்துக்கு மட்டும் ஜாதகம் பாக்கறீங்களே சார், இது இன்னா கல்யாணத்துக்கு நிக்கிற கெணறா?"

"உன்னதும் பாக்கறேன்யா, குடு. பங்குனியில பாத்தாத்தான் கிணத்தோட யோக்கியதை தெரியும். ஐப்பசியில பாத்தா ஊர்ல எல்லாக் கிணறும் உத்தமம்."

"மனுசனும் அப்டித்தான் சார். கையில நாலு காசு கீற வரைக்கும் எல்லாரும் உத்தமன்தான்."

தாமோதரன் சிரித்துக்கொண்டே, பெருமாளின் தண்ணீரை முதல் குழியிலும் வேதாசலத்தின் தண்ணீரை அடுத்த குழியிலும் சில சொட்டுகள் விட்டார். பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியைத் திறந்தார். "அமிலம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். முதல் குழியில் புட்டியிலிருந்து விட்டதும் லேசாக ஒரு சாயல் தட்டியது. வானத்தைப் பார்த்துவிட்டுப் பார்த்தால் அதுகூடத் தெரியாது. அடுத்த குழியில் விட்டார். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு நிறம் ஓடிவந்து கூடியது. கண் இமைப்பதற்குள் மைக்கூட்டைக் கவிழ்த்தது போல ஆகிவிட்டது. வெள்ளைப் பீங்கானில் அத்தனை நீலம்.

அந்த நீலத்தை வேதாசலம் இதற்கு முன்னால் பார்த்திருந்தான். எங்கே என்பது உடனே நினைவுக்கு வரவில்லை. ஆனால் அவனுடைய கைதான் முதலில் அதைக் கண்டுகொண்டது போல, உள்ளங்கை சில்லிட்டது.

"அடேயப்பா! யூரியா மூட்டையக் கிணத்துக்குள்ளயே அவுத்துக் கொட்டிட்டியா வேதாசலம்?" தாமோதரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நைட்ரேட்டு! தழைச்சத்து தண்ணியிலயே இருக்கு. அப்புறம் செடி வளராம என்ன பண்ணும்? இலையாத் தள்ளும், காய் பிடிக்காது. கிணத்துக்கு மேல்கையில எருக்குழி, அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டாய், நாலு பக்கமும் உரம் போட்ட நிலம். எல்லாம் மழையில எறங்கி எறங்கி இங்கதான வந்து சேரும்? இனிமே வேர்க்கடலைக்கு யூரியாவே போடாதே. தண்ணி பாய்ச்சினாலே உரம் போட்ட மாதிரி."

"யோவ், அதிர்ஸ்டக்காரன்யா நீ" என்று பெருமாள் அவன் தோளில் தட்டினான். "எங்க கெணறு வெறுந்தண்ணியக் குடுக்குது. உன்னுது சாப்பாடே போடுது."

வேதாசலமும் சிரித்தான். தாமோதரன் தட்டைக் கழுவக் குனிந்தார். கழுவிக்கொண்டே, இன்னும் ஏதாவது சொல்ல விட்டுப்போயிற்றா என்று யோசிப்பவர் போல, சாவகாசமாகச் சொன்னார்:

"பெரியவங்க குடிச்சா ஒண்ணும் பண்ணாது. பால்குடிக் குழந்தை யாராவது இருந்தா மட்டும் ஜாக்கிரதை. இந்தத் தண்ணியில பால் மாவு கலக்கிக் குடுத்துடக் கூடாது. ரத்தம் கெட்டுக் கருத்துப்போய், குழந்தை அப்படியே நீலம் பாரிச்சிடுமாம். டிரெயினிங்ல சொன்னாங்க. நான் பாத்ததில்லை."

பெருமாளின் கை வேதாசலத்தின் தோளிலேயே இருந்தது. அதை எடுக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் அவன் தரையைப் பார்த்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பங்குனியில்தான் கோமளா செத்துப்போனாள். வேதாசலத்தின் மூத்த குழந்தை. மாகறலில் தாய் வீட்டில் பிறந்து, மூன்று மாதம் அங்கே கொழுகொழுவென்று வளர்ந்து, நாள் பார்த்து இங்கே அழைத்து வந்த பெண். வந்த கொஞ்ச நாளில் அவன் மனைவி ஆதிலட்சுமிக்கு மார்க்கட்டி வந்து பால் நின்றுபோனது. உத்திரமேரூர் டாக்டர் பால் மாவு டப்பா எழுதிக் கொடுத்தார். தண்ணீரை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்கச் சொன்னார். ஆதிலட்சுமி நாட்டு வைத்தியர் மகள். டாக்டர் சொன்னதைக் காட்டிலும் ஒரு படி கூடவே செய்தாள். கஷாயச் சட்டியில் நாலு டம்ளர் ஊற்றி, மெல்லிய தீயில் ஒரு டம்ளராகச் சுண்டும் வரைக்கும் அடுப்பைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். அப்புறம் குழந்தையின் உதடு முதலில் கருத்தது. நகக்கண்கள், உள்ளங்கால், காது மடல். அழாமல், காய்ச்சலும் இல்லாமல், விழித்துக்கொண்டே நீலமாகிக்கொண்டிருந்தது குழந்தை. காஞ்சிபுரத்தில் பெரிய டாக்டர் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோது அது சிவப்பாகவே இல்லை. கருப்பட்டிக் காபி மாதிரி இருந்தது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்றார்.

அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் இரண்டு பேரும் இரண்டு வருஷத்தைத் தாண்டினார்கள். ஊரில் வாசல் தோஷம் என்றார்கள், பட்சி தோஷம் என்றார்கள், கிணற்றுத் தோஷம் என்றார்கள். வேதாசலம் ஊர் வாய்க்காகக் கிணற்றை ஒட்ட இறைத்துச் சேறெடுத்தான், பிளீச்சிங் பவுடர் போட்டான், நெல்லிக்கட்டை இறக்கினான். தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஆதிலட்சுமி ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "நா ஒரு கொறையும் வெக்கலக்கா. தண்ணியக்கூட நாலுக்கு ஒண்ணா காச்சித்தான் குடுத்தேன்." பிறகு யாரும் கேட்காவிட்டாலும் சொன்னாள். மாடு கறக்கும்போது மாட்டிடம் சொல்வதையும் அவன் கேட்டிருக்கிறான். அதைச் சொல்லி முடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"சார்" என்றான் வேதாசலம். "காச்சிட்டா? நல்லா, நாலுக்கு ஒண்ணா காச்சிக் குடுத்தா?"

தாமோதரன் சிரித்தார். "காய்ச்சினா இந்த நைட்ரேட்டு உப்பு எங்கய்யா போகும்? உப்பளம் பாத்ததில்லையா? தண்ணி ஆவியாப் போகும், உப்பு நிக்கும். கிருமின்னா சாகும். பிளீச்சிங் பவுடரும் கிருமிக்குத்தான். இது காய்ச்சக் காய்ச்ச ஏறும். ஒரு பங்கு விஷம் நாலு பங்காயிடும்."

அவர் பெட்டியை மூடினார். தாங்க்ஸ் சொல்ல வேண்டும், மோர் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற ஒலிபெருக்கிச் சத்தம் போல வேதாசலத்தின் தலைக்குள் ஓடின. அவன் வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரை இடுக்கில் அடுப்புப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது குழந்தை, ஆண் குழந்தை, மாகறலில் பிறந்து நேற்றுச் சாயந்திரம்தான் வந்திருந்தது. தாய்ப்பால் பற்றவில்லை. காலையில் அவன் கையாலேயே பால் மாவு டப்பா வாங்கி வந்து கொடுத்திருந்தான்.

ஓட ஆரம்பித்தவனின் சட்டையைப் பெருமாள் எட்டிப் பிடித்தான்.

"டேய். ஆதிகிட்ட சொல்லிடாதடா. அது தாங்காது. உசுர வுட்ரும்டா."

சமையல்கட்டில் ஆதிலட்சுமி புடவை முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதே கருத்த சட்டி. உத்தரத்தில் கட்டிய தூளியின் கயிறு அவள் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது. தீயைத் தள்ளும்போதே காலும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"போய்ட்டாரா ஆபீசரு? இன்னா சொன்னாரு?"

அவன் தூளியை விலக்கிக் குழந்தையின் கையை எடுத்தான். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். நகங்கள் ரோஜா நிறமாக இருந்தன. உதட்டைப் பார்த்தான். திரும்பவும் நகத்தைப் பார்த்தான்.

"தூங்கற கொழந்தைய இன்னாத்துக்கு எயுப்பறீங்க? இப்பத்தான் ஒரு பாட்டிலு குடிச்சிட்டு கண்ண மூடுச்சி. அதுக்கே பத்தல, இது ரெண்டாவது ஈடு."

குடித்துவிட்டது. ஒரு பாட்டில். வேதாசலம் சட்டியைப் பழந்துணிகூட இல்லாமல் இரண்டு கையாலும் தூக்கினான். சூடு தெரியவில்லை. பின்வாசல் வழியாகச் சாக்கடையில் சாய்த்துவிட்டு, வெறும் சட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். கை பொரிந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஐயையோ! பேயா புட்ச்சிக்கிச்சி ஒங்கள? காலீலேர்ந்து குந்திக்கினு காச்சினது!"

"நா மாகறலுக்கு சைக்கிள்ல போறன். ஆத்து ஊத்துத் தண்ணி கொண்டாரன். கொழந்தைக்கு இனிமே அதான்."

"நம்ம கெணத்துக்கு இன்னா வந்துச்சாம்?"

"உப்பாம்."

"உப்பா?" அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "வாயில வெச்சா எளநி மாதிரி கீது. அந்த ஆபீசரு ஒரு வாய் குட்ச்சிப் பாத்தாரா, இல்ல பாட்டில்ல ஊத்தி வேடிக்கதான் பாத்தாரா? உப்பே இருந்தாதான் இன்னா, அதுக்குத்தான காச்சறேன்."

அவள் குடத்திலிருந்து மறுபடியும் சட்டிக்குத் தண்ணீர் மொள்ளக் கையை நீட்டினாள். வேதாசலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். இவளிடம் எதைச் சொல்லாமல் எதைச் சொல்வது? அவன் சைக்கிளில் ஏறித் தெரு முனை திரும்புவதற்குள் அவள் கிணற்றுத் தண்ணீரை மறுபடியும் அடுப்பில் ஏற்றிவிடுவாள். அதுவும் போதாதென்று, ஆற்றுத் தண்ணீர் வந்தால், உப்பு என்று சொன்னதற்காகவே இன்னும் அதிகமாகச் சுண்டவைப்பாள்.

"காச்சாத ஆதி."

"காச்சாத தண்ணிய கொழந்தைக்குக் குடுப்பாங்களா யாராவது? ஏற்கெனவே ஒண்ணக் குடுத்துட்டு..."

"ஒரு கொதி வந்தா எறக்கிடு. சுண்டக் காச்சக் கூடாது." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவனால் எந்தக் காலத்திலும் யோசித்து முடிக்க முடியவில்லை. அவள் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "காச்சினா அது போவாதாம்" என்றான்.

தூளி ஆடுவது நின்றது. முதலில் அவள் அவன் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு அவன் உள்ளங்கையில் கொப்புளிக்கத் தொடங்கியிருந்த இடத்தைப் பார்த்தாள். எதற்காக இந்த மனிதன் கைத்துணிகூட இல்லாமல் கொதிக்கிற சட்டியைத் தூக்கினான் என்று ஒரு கணக்கைக் கூட்டிப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"எங்க நைனா சொல்வாரு" என்றாள். ரொம்ப மெதுவாக, வீட்டில் வேறு யாரோ தூங்குவது போல. "கசாயம் காச்சறப்ப. தண்ணிதான் போவும்... சாரம் அத்தினியும் நிக்கும்னு."

"ஆதி, அதுக்கும் இதுக்கும்..."

"எத்தினியோ வாட்டி சொல்லிக்கீறாரு."

குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. வேதாசலம் தூளிக் கயிற்றை எட்டிப் பிடித்தான். ஆட்டுவதற்குக் கை வரவில்லை. கோமளாவின் பெயரை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. வெளியே வண்டி கிளம்பும் சத்தமும், பெருமாள் ஆபீசரிடம் ஏதோ சொல்லி அனுப்பும் சத்தமும் கேட்டன. குழந்தையின் சிணுங்கல் அழுகையாயிற்று.

அவள் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாசல் பக்கமாகச் சாய்த்தாள். சூட்டில் அது அதற்குள் உலர்ந்திருந்தது. கருத்த உட்புறத்தில், தண்ணீர் இறங்கி இறங்கி நின்ற இடத்திலெல்லாம் வளையம் வளையமாக வெள்ளை படிந்திருந்தது. ஆதிலட்சுமி ஆள்காட்டி விரல் நகத்தை மேல் வளையத்தில் வைத்துச் சுரண்டினாள். பொடி உதிர்ந்தது. சட்டியைக் கொஞ்சம் திருப்பினாள், சுரண்டினாள், மறுபடி திருப்பினாள். ஒன்றுவிடாமல் அடி வரைக்கும் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் இடது உள்ளங்கையில் தட்டிக்கொண்டாள். நெற்றிக்கு இட்டுக்கொள்கிற விபூதி அளவுகூட இருக்காது. அது மூச்சுக்காற்றில் பறந்துவிடாமல் இன்னொரு கையால் பொத்திக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.