கேன் சுமந்த கால்

முழங்கால் ஜவ்வு அறுந்த புருஷனைச் சமாளிப்பதைவிட ஒரு வகுப்புப் பிள்ளைகளை மேய்ப்பது சுலபம். என் வீட்டுக்காரர் பெயிண்டர். ஏணியின் பாதியிலிருந்து குதித்து, கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பி, முன்ஜவ்வை அறுத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் பயிற்சி செய்து தசையை வலுவாக்கிப் பார்க்கலாம் என்று டாக்டர் இரண்டு வழி சொன்னார். இவர் எதற்கும் மசியவில்லை. எந்த வழி என்று அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்பதாக இருந்தது.

நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுப்பவள். "ஜவ்வு இல்லாம ஏணி ஏறிடுவீங்களா? பயந்தாங்கொள்ளி!" என்று காலையில் கத்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

அன்றைக்குப் பாடமும் முழங்கால்தான். மேஜையில் இருந்தவர் மாடி மாடியாகத் தண்ணீர் கேன் சுமந்தவர். "கடைசி வரைக்கும் ஓயாத காலுங்க. படிக்கிற புள்ளைங்களுக்கு ஆகட்டும்" என்று சொல்லி அவர் மனைவி உடலை ஒப்படைத்திருந்தார்.

எல்லோரும் 'கண்ணாடி' என்று கூப்பிடும் மாணவி முட்டிச்சில்லைக் கீழே மடித்துவிட்டு, உள்ளே இருந்த மஞ்சள் கொழுப்பை வழித்தெடுத்தாள். நான் இடுக்கியை நீட்டி, "இங்க பாருங்க, சுண்டுவிரல் தடிமன்ல ஒரு கயிறு, இதுதான் முன்ஜவ்வு" என்று ஆரம்பித்தேன். கயிற்றைக் காணோம். பின்ஜவ்வு மட்டும் வெள்ளையாக நின்றது.

"கொழுப்போட சேத்து அதையும் அறுத்துட்டியா? கண்ணாடி எதுக்குப் போட்டிருக்க?"

"இல்ல மேடம், நான் அவ்வளவு ஆழமாப் போகவே இல்ல." அவள் கண் கலங்கிவிட்டது.

குனிந்து பார்த்தேன். கத்தி பட்டிருந்தால் விளிம்பு தெரியும். இங்கே ஒரு சின்ன முளைதான் மிச்சம். அதுவும் மழுங்கி, வழுவழுப்பாகி, பின்ஜவ்வோடு ஒட்டிப்போயிருந்தது. அறுந்து பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். கீழ்க்கால் எலும்பை இழுத்தால் மேஜை டிராயர் மாதிரி முன்னால் வந்தது. தொடையின் பின்பக்கம் கை வைத்தேன். அத்தனை தடிமனான தசையை நான் பார்த்ததில்லை. ஜவ்வின் வேலையையும் சேர்த்து அதுதான் பார்த்திருக்கிறது.

"மன்னிச்சிடும்மா, என் தப்பு" என்று கண்ணாடியிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஜவ்வு இல்லாமலே ஒருவர் கேன் சுமந்தார் என்று சொன்னால் இவர் என் தலைமேல் ஏறி உட்காருவார். மறைக்கவும் மனசு வரவில்லை. எல்லாருக்கும் அப்படி அமையாது என்ற எச்சரிக்கையோடு சொல்லிவிட்டேன்.

இவர் குதிக்கவில்லை. "அந்த மனுஷனுக்கு வலிச்சிருக்குமா?" என்றார்.

"ஆரம்பத்துல வலிச்சிருக்கும். அறுந்ததே தெரியாமகூட இருந்திருக்கலாம்."

முழங்காலைத் தடவிக்கொண்டார். "எங்கப்பாவும் சின்ன ஆபரேஷன்னுதான் சிரிச்சிக்கிட்டே உள்ள போனாரு."

மாமனார் ஆபரேஷன் மேஜையிலேயே போன கதை எனக்குத் தெரியும். அதையும் இவர் முழங்காலையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"சரி, பயிற்சிக்காவது போயிருக்கலாமே?"

"போயி, அது சரிப்பட்டு வரலைன்னா? அடுத்தது கத்திதானே?"

போன் அடித்தது. இவர் எடுக்காமல் என்னிடம் நீட்டினார். முதலில் பயிற்சி செய்து பார்க்கிறோம், இவர் சம்மதிக்காமல் கத்தி கிடையாது என்று சொன்னேன்.

"சார் பயப்படுறாருங்களா?" என்றாள் நர்ஸ்.

"அவர் பயம் அவருக்கு இருக்குங்க. ஆனா வீட்டுல பெரிய பயந்தாங்கொள்ளி நான்தான். ஏணியில இருக்கும்போது கால் வாரிவிட்டுடுமோன்னு நினைச்சு நினைச்சுத்தான் இவரைப் பிடுங்கி எடுத்துட்டேன்."

போனை வைத்தபோது இவர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். "எந்தத் தசைன்னு காட்டு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் அந்த மனிதரின் தொடையில் எங்கே தொட்டேனோ, இவர் தொடையிலும் அங்கேயே கை வைத்தேன். சூடாக இருந்தது.