மூன்றாவது ஸ்டேஷன்

அக்கா குடியிருந்த கடற்கரைப் புறநகர், வருடத்துக்கு ஒரு ஸ்டேஷன் வீதம் நகரத்தைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. தம்பி முதல்முறை போனபோது அது மூன்றாவது ஸ்டேஷன், அரை மணிப் பயணம். மறு வருடம் நான்காவதாகி, பயணம் இன்னொரு அரை மணி நீண்டது. இடையில் புதிதாக வந்த ஸ்டேஷனில் சிமெண்ட் பெஞ்சும் தண்ணீர்க் குழாயும் தயாராக இருந்தன. பெயர்ப்பலகை மட்டும் வெறுமையாக இருந்தது, அதை எழுதும் பெயின்டருக்குப் பழைய வேலையே முடியவில்லை என்பதால். ரயில்வே புதிய கால அட்டவணை அச்சிட்டது. கடற்கரைதான் நகர்கிறது என்று நகரத்தில் சொன்னார்கள். நகரம்தான் ஓடுகிறது என்று கடற்கரையில் சொன்னார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மட்டும் விடுமுறை. முதல் வண்டியில் போய்க் கடைசி வண்டியில் திரும்பிவிட வேண்டும். அத்தானுக்கோ கடற்காற்று இல்லாத இடத்தில் மூச்சு வராது, அவரை அரை மணிக்கு மேல் தனியே விடவும் முடியாது. ஆரம்பத்தில் தம்பி பகல் முழுக்க அங்கே இருந்தான். உப்பேறிய ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய் விட்டான், அத்தானுக்கு முகம் மழித்துவிட்டான். பதிமூன்றாம் வருடம் சாப்பிட்டு எழுந்திருக்க நேரம் இருந்தது.

"பேசாம இங்கயே வந்துடேன்டா," என்றாள் அக்கா.

"இங்க மாடி வீடே இல்லையேக்கா. லிஃப்ட் மெக்கானிக் வந்து எதை ரிப்பேர் பண்றது, அத்தானோட கட்டிலையா?"

அத்தான் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் இருமல் நிற்கவில்லை.

பதினைந்தாம் வருடம் ஒரு டீக்கு நேரம் இருந்தது. பதினாறாம் வருடம் பிளாட்பாரத்தில் மூன்று நிமிடம். அக்கா ஜன்னல் வழியாகச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து, போன வாரத்து டப்பாவை வாங்கிக்கொள்வாள்.

"மெலிஞ்சுட்டே."

"கம்பி வழியா பார்த்தா எல்லாரும் அப்படித்தான்க்கா."

பதினேழாம் வருடம் அவன் ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே இறங்க வேண்டியதாயிற்று. வந்த வண்டியின் கார்டிடம் காலி டப்பாவைக் கொடுத்தனுப்பிவிட்டு, பெயர் எழுதாத பலகையின் கீழ் உட்கார்ந்திருப்பான். எதிர் வண்டியின் கார்டு நிறைந்த டப்பாவோடு இறங்குவார்.

"மெலிஞ்சுட்டியான்னு அக்கா கேக்கச் சொன்னாங்க," என்றார் கார்டு ஒரு ஞாயிறு.

"என்ன சொல்லப்போறீங்க?"

கார்டு அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இல்லன்னுதான் சொல்லணும். அப்புறம் தம்பி, அடுத்த வருஷம் டப்பா இன்னும் ஒரு ஸ்டேஷன் தாண்டி வரணும். ஆறிடும்."

"சரிங்க," என்றான் தம்பி.

அதே வண்டியில் ஏறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். இன்னும் சூடாக இருந்தது. அது முழுக்க ஆறும்வரை காத்திருந்து, பிறகு திறந்து சாப்பிட்டான். பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.