கூரையில் அக்கா, கட்டிலில் நான்

அக்காவுக்கு மனநோய் வந்ததிலிருந்து அவள் கூரையோடு ஒட்டி மிதக்கிறாள். எனக்கும் அதே வாரம்தான் வந்தது. நான் கட்டிலை விட்டு எழுவதில்லை.

ஈரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. கூரை அப்படியொன்றும் உயரமில்லை. ஆனாலும் அக்காவைப் பார்க்க அம்மா அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். எட்டு மாதமாக அண்ணாந்தே இருந்ததில் அவள் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. தரைப் பக்கம் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. என் கட்டிலில் இரண்டு முறை இடித்துக்கொண்டாள். பிறகு சுற்றிப் போகப் பழகிவிட்டாள்.

அக்காவுக்குச் சாப்பாடு தொரட்டியில் போகும். மாங்காய் பறிக்கிற தொரட்டிதான். நுனியில் சோறு போட்ட தூக்குப்போசி.

"இன்னொரு வாய் வாங்கிக்க சாமி" என்று அம்மா கெஞ்சுவாள்.

என் தட்டைக் குத்துமதிப்பாகக் கட்டிலருகே வைப்பாள். பூனை தின்றுவிடும். காலித் தட்டைக் காலால் தடவிக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போவாள்.

மே மாதம் முழுக்க ஃபேன் போடவில்லை. அக்காவுக்கு அடிபட்டுவிடுமாம். எனக்கு வயிறு எரிந்தது. வெயிலும் எரிந்தது. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

நோய் வந்த ஐந்தாம் மாதம் நாவலாசிரியர் அரங்கசாமி வந்தார். சோபாவில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்து எழுதத் தொடங்கினார். அதன்பின் போகவே இல்லை.

"சார், தலை சுத்துதுங்க. பயமா இருக்குது. மாத்திரை குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் எழுதியதை உரக்கப் படித்தார்.

"வானம் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது."

"மாத்திரைங்க சார்."

"மாத்திரை போட்டா எறங்கிருவீங்கம்மா. இன்னும் நாலு அத்தியாயம் கெடக்குது."

எனக்கும் அதே நோய்தான் என்று கட்டிலிலிருந்து சொன்னேன். அவர் பேனா மூடியால் காதைக் குடைந்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"படுத்திருக்கறனுங்க."

"அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க."

"அதுல எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்களே. நோய்க்குச் சர்டிபிகேட் குடுக்கற ஆபீஸ்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அரைப் பக்கம் தர்றேன்."

கட்டிலோடு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் கட்டிலை முன்னால் நகரச் சொன்னார். அது நகர்ந்தது.

அலுவலகத்தின் தாழ்வாரம் நான் போகப் போக நீண்டது. மதியச் சாப்பாட்டு நேரம் வந்தபோதுதான் அது களைத்து நின்றது. கடைசி ஜன்னலில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

"பூங்கொடி."

"படுக்கையச் சுத்திப் பூ ஏதாச்சும் மலருதா?"

"இல்லீங்க."

"கண்ணாடியில வேற யாராச்சும் தெரியறாங்களா?"

"நான்தான் தெரியறனுங்க. அதையே பாக்க முடியல."

"பறவை வந்து ஒக்காருதா?"

"ஈ ஒக்காருதுங்க."

"ஈ பறவையில வராது."

அவர் பேரேட்டைப் புரட்டினார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"நீங்க கோகிலவாணியோட தங்கச்சிங்களா? அவங்களுக்கு 'அற்புதம்'னு குடுத்திருக்கறோம். என்ன அழகா மெதக்கறாங்க!"

எனக்குச் 'சாதாரணம்' என்று முத்திரை குத்தினார். படிவம் தீர்ந்துவிட்டதால் நெற்றியில் குத்தினார்.

வீடு திரும்பியபோது கடைசி அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது. பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அக்கா அதன் வழியே வெளியேறி மேகத்தில் கரைய வேண்டும். கீழே குடியிருப்பே திரண்டு கைதட்டத் தயாராக நின்றது. மேலே போனால் குளிருமென்று அம்மா அக்காவுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டிருந்தாள். அது என் ஸ்வெட்டர்.

"எனக்குப் போக வேண்டாம்" என்றாள் அக்கா. "பூங்கொடி, போனா திரும்பி வர முடியாதுடி. சொல்லுடி இவங்ககிட்ட."

அரங்கசாமி எழுதினார். "அவள் புன்னகைத்தாள்."

அக்கா கதவைத் தாண்டினாள்.

நான் எழுந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. ஓடிப்போய் அவள் கணுக்காலைப் பிடித்தேன். பாசத்தில் பிடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறாமையில்தான் பிடித்தேன். இத்தனை நாள் இருந்ததையெல்லாம் தனக்கே எடுத்துக்கொண்டவள், இப்போது ஊரே பார்க்கக் கரைந்தும் போனால், அப்புறம் அம்மா சாகும்வரை அண்ணாந்தேதான் நிற்பாள்.

என் பாரத்துக்கு அக்கா இறங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் இறங்கவில்லை. எனக்கு அவ்வளவு பாரமில்லை. என் காலும் தரையை விட்டது. மிதந்தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. இழுபட்டேன். முழங்கால் பால்கனிச் சுவரில் உரசி ரத்தம் வந்தது.

அப்படியே அம்மாவின் பார்வை போகிற உயரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். யாரென்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தொரட்டியைக் கீழே போட்டாள்.

"ஏன் அம்மிணி, இப்படி எளச்சுப் போயிட்டே? சோறு திங்கறதில்லியா?"

"பூனை திங்குதும்மா."

அவள் காற்றில் துழாவி என் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நாங்கள் மேலே போவது நின்றது. கைதட்டலாமா என்று கீழேயிருந்து யாரோ கேட்டார்கள்.

"இது என் நாவல்ல இல்லீங்க" என்றார் அரங்கசாமி. பேனாவை மூடினார்.

மேலே பார்த்து மிதந்த அக்காவுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. அழுதுகொண்டே கேட்டாள்.

"அம்மா யாரையடி புடிச்சிருக்குது?"

"என்னையத்தான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.