கோழிக்கு எத்தனை பல் பூண்டு

கோழித் தீவனத்தில் எத்தனை பல் பூண்டு போட வேண்டும் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடம். ஐந்து கோழிக்கு இரண்டு பல், நசுக்கிப் போட வேண்டும். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, கூடவே இடித்த மிளகு கொஞ்சம். வெயிலுக்குப் புதினா, மழைக்கு இஞ்சி. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் மனைவி போன் செய்யும்போது, "பூண்டு ரெண்டா, மூணா?" என்றுதான் கேட்பேன்.

மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது என்று மூன்று மாதத்துக்கு வெளிநாடு போனவள். பதினோரு மாதம் ஆகிவிட்டது. முதல் மாதத்திலேயே ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டோம். அப்புறம் "சாப்பிட்டீங்களா", "ஆச்சு", "மாத்திரை?", "ஆச்சு", "சரி, வைக்கட்டுமா" என்று சுருங்கிப் போயிற்று. ஒரு நிமிஷம்கூட வராது. அவள் போனை வைத்தால் மறுநாள் ஆறு மணி வரை இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. கோழிகளோடு பேசலாம்தான். அதுகளும் தின்று முடித்தால் திரும்பிப் பார்க்காத ரகம்.

ஒருமுறை உண்மையிலேயே தப்பு செய்தேன். ஒரு முழுப் பூண்டையும் உரித்துக் கொட்டிவிட்டேன். தொடர்ந்து நாலு நாள் அப்படியே. முட்டையெல்லாம் பூண்டு நாற்றம். பக்கத்து வீட்டு நர்ஸ், நான் கொடுத்த முட்டையைக் கையோடு திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இதைச் சொன்னதும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "லிஃப்ட்லயும் இப்படித்தான் கண்ணு மண்ணு தெரியாம ஸ்க்ரூ முடுக்குனீங்களா? எத்தனை பேர் உள்ள மாட்டுனாங்களோ" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். இருபத்திரண்டு நிமிஷம். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதிலிருந்து தினம் ஒரு தப்பு.

"மிளகாய்த்தூள் விழுந்துடுச்சு. அதுங்களுக்கு உறைக்காதா?"

"கோழிக்கு உறைக்கவே உறைக்காது. நீங்க முதல்ல கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வேலை செய்ங்க."

பட்டை, சீரகம், கொத்தமல்லி என்று அஞ்சறைப் பெட்டியில் இருந்ததெல்லாம் கேட்டுத் தீர்ந்தது. கேட்க ஒன்றும் இல்லாதபோது வியாதியில் இறங்கினேன். 'மேனேஜர்' தும்முவதாகச் சொன்னேன். எந்த வேலையும் செய்யாமல் நாள் முழுக்க மற்றதுகளை விரட்டிக்கொண்டே திரிவதால் அந்தப் பழுப்புக் கோழிக்கு அந்தப் பெயர். இஞ்சித் தண்ணீர், ஓமவல்லி இலை என்று அவள் வைத்தியம் சொன்னாள். நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டேன். மேனேஜர் அதையெல்லாம் தின்று இன்னும் கொழுத்தது.

அடுத்த வாரம் இரண்டுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அப்புறம் ஐந்துக்கும். "எதுவும் தீவனத்தைத் தொடவே இல்ல" என்றபோது அவள் குரல் கம்மிவிட்டது.

"குஞ்சிலேருந்து கையில வச்சு வளத்ததுங்க" என்றாள்.

பாவமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் முழுக்க தினமும் முக்கால் மணி நேரம் பேசினாள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நர்ஸ் வந்து நின்றாள்.

"அண்ணே, அக்கா போன்ல ஒரே புலம்பல். கோழிங்களைப் பாத்துட்டுச் சொல்லச் சொன்னாங்க."

"இப்பதான் தூங்குதுங்க."

"காலைல பத்து மணிக்கா?"

நேரே கொல்லைப்புறம் போனாள். ஐந்தும் தீவனத் தட்டில் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி அலகு, கண், இறக்கை எல்லாம் பார்த்தாள். கடைசியில் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேனேஜரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே போன் போட்டாள்.

"அக்கா, எல்லாம் கிண்ணுனு இருக்கு. ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள் என் மனைவி.

"நேத்து சரியில்ல. இன்னைக்குத் தேறிடுச்சு."

"அஞ்சுமா?"

சிந்திய தீவனத்தைக் காலால் ஒதுக்கினேன்.

"வியாழக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டேங்க. எங்க செத்துப் போயிடுமோன்னு."

எனக்குச் சுருக்கென்றது. "கோழி தும்முனா டிக்கெட் போடுவே. இங்க ஒரு மனுஷன் பதினோரு மாசமா ஒண்டியாக் கிடக்கறது உனக்குத் தெரியல" என்று கத்திவிட்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு நாளாவது வான்னு சொன்னீங்களா? இன்னைக்குச் சொல்வீங்க, இன்னைக்குச் சொல்வீங்கன்னுதான் நான் தினமும் போன் பண்ணேன். நீங்க கோழியைப் பத்தியே கேட்டீங்க. சரி, இப்பச் சொல்லுங்க. வரட்டுமா?"

வா என்று ஒரே ஒரு எழுத்து. ஆனால் நர்ஸ் எதிரிலேயே நின்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இன்னொருவர் முன்னால் என் மனைவியிடம் நான் எதையும் கேட்டதில்லை. தனியாக இருக்கும்போதும் கேட்டதில்லை. பழக்கமில்லாத வாய்.

"பிள்ளைங்க சின்னதுங்க" என்றேன். "பொண்ணு ஒருத்தியா திண்டாடுவா. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"சரி" என்றாள். "டிக்கெட் வேண்டாம்னு சொல்லிடறேன்."

நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள். கோழியைக் கீழே இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். இனிமேல் ஆறு மணிக்கு என் மனைவி போன் செய்வாளா என்று நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்கப் பார்த்தேன். இவளுக்கு எப்படித் தெரியும்?