வெண்மதி மேடையேறிய மூன்று நாள்

செஞ்சி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கும் முருகையனுக்கு, எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எது வரவே வராது என்பதில் பதினெட்டு வருஷமாகக் குழப்பம் வந்ததில்லை. குழப்பமெல்லாம் மகள் வெண்மதி பார்க்கிற வேலையில்தான். பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற ஒரு பெரிய நாடகக் கம்பெனி அது. மும்பையில் ஒரு வருஷம் ஓடிவிட்டு இப்போது சென்னைக்கு வந்திருந்தது. அதில் உன் பெண்ணுக்கு என்ன வேஷம் என்று யாராவது கேட்டால் மனுஷன் திருதிருவென்று முழிப்பார்.

அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். கதாநாயகி ஷோபனா என்கிற பெண். அவளுடைய பாட்டு, வசனம், கால் வைக்கிற இடம் எல்லாமே வெண்மதிக்கும் அத்துப்படி. ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் மேடைக்குப் பின்னால் தயாராக நிற்க வேண்டும். சம்பளம் உண்டு, கைதட்டல்தான் கிடையாது. லீவில் போகிறவனுக்குப் பதில் வண்டி எடுக்கிற ஸ்பேர் டிரைவர் மாதிரியா என்று முருகையன் கேட்டார். ஆமாம் என்றாள். அத்தோடு மனசு ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. ஸ்பேர் டிரைவருக்குக்கூட வாரத்தில் நாலு நாள் வண்டி கிடைக்கிறது, என் பெண்ணுக்கு ஒரு வருஷமாக ஒரு நாள் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய புதிர், ஒரே நாடகத்தைத் தினமும் எவன் பார்ப்பான் என்பது. லண்டனிலும் நியூயார்க்கிலும் இந்த நாடகங்களுக்கென்றே தெருக்கள் இருக்கின்றனவாம். ஒன்று நன்றாக ஓடிவிட்டால் முப்பது வருஷம்கூட ஓடுமாம். சின்ன வயசில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தவள், பின்னால் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதையே பார்க்க வருவாளாம். நடிக்கிற ஆள் மாறலாம், பாட்டில் ஒரு வரி மாறாது. அதே பாட்டுதான் என்றால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்றார் முருகையன்.

"நேர்ல ஒருத்தி மூச்சப் புடிச்சினு பாடறத பாக்கத்தான் நைனா வராங்க" என்றாள் வெண்மதி.

அவர் தலையாட்டினார். விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

விளங்காததைச் சாமியிடம் விட்டுவிடுவது அவர் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களையெல்லாம் ஒழுங்காக அனுப்பிவிட்டுத் தானும் ஒன்றில் தொற்றிக்கொண்டு போய், அங்காளம்மன் முன்னால் நின்றார். என் பெண் அந்த வேஷத்தில் ஒரு தடவையாவது மேடையேற வேண்டும் தாயே என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். வேறு யாரையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக நினைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் வெண்மதியிடமிருந்து போன் வந்தது. இன்றைக்கு மூன்று மணி ஆட்டத்தில் நான்தான் கதாநாயகி, உடனே புறப்பட்டு வா என்றாள். மனைவி இறந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை. வேலையை அடுத்தவர் தலையில் கட்டினார், கோயில் குங்குமத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், சென்னை பஸ்ஸில் ஏறிவிட்டார். இந்த வாய்ப்பு எப்படி வந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்று என்றால் சரியாக மூன்றுக்குத் திரை தூக்கினார்கள். டைம் கீப்பருக்கு அதிலேயே பாதித் திருப்தி. மேலேயிருந்து ஒரு மாடி வீடு அப்படியே இறங்கியது, மேடையில் நிஜத் தண்ணீராக மழை பெய்தது, முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து இருபது பேர் வாத்தியம் வாசித்தார்கள். நனைந்துகொண்டே வெண்மதி பாடினாள். உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றாள், இறங்கவில்லை. முருகையனுக்கும் மூச்சு நின்றுபோயிற்று. அட, இதற்குத்தான் வருகிறார்களா என்று அந்த நேரத்தில் புரிந்த மாதிரி இருந்தது. மறுநிமிஷம் எழுந்து நின்று "ஒன்ஸ் மோர்!" என்று கத்திவிட்டார். செஞ்சிப் பக்கத்தில் நாடகம் என்றால் அப்படிக் கேட்டதும் ஆர்மோனியக்காரர் மறுபடி எடுப்பார். இங்கே ஒருத்தரும் எடுக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள், நாடகம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்து உள்ளே போனார். கழுத்தில் துணி சுற்றிய ஒரு பெண், வெண்மதியின் தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஷோபனா. திங்கட்கிழமை கட்டிக்கொண்ட தொண்டை, நேற்றோடு குரலே போய்விட்டது, டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்றாள் வெண்மதி.

திங்கட்கிழமை என்றால் அமாவாசைக்கு மறுநாள். நான் வேஷத்தைத்தானே கேட்டேன், தொண்டையையா கேட்டேன் என்று முருகையன் தனக்குள் வாதாடிப் பார்த்தார். டிரைவர் படுத்தால்தானே ஸ்பேர் டிரைவருக்கு வண்டி? தினமும் டியூட்டி போடுகிற ஆளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? சாமி செய்ததா, மேடை மழையின் குளிர்ந்த தண்ணீர் செய்ததா, ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னாலதாம்மா" என்று ஆரம்பித்து, அந்தப் பெண்ணிடம் வேண்டுதலை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

ஷோபனா கோபித்துக்கொள்ளவில்லை. போனில் எதையோ தட்டி அவரிடம் காட்டினாள். 'ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் தடவையாக என்னைப் பார்க்க வருகிறார்கள். எனக்கும் வேண்டிக்கொள்ளுங்கள் அங்கிள்' என்று இருந்தது.

முருகையன் மகளைப் பார்த்தார். முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. அவர் ஷோபனாவின் நெற்றியில் குங்குமம் வைத்தார். வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினால் வெண்மதி பாடியதுதான் காதில் விழுந்தது, வேறொன்றும் வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி மேல்மலையனூர் போனார். வரிசையில் நின்றபோதும் குழப்பம்தான். ஷோபனாவுக்குக் குரலைத் திருப்பிக் கேட்டால் மகளுக்குத் துரோகம், கேட்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு. சன்னிதிக்கு வந்ததும் கேட்டுவிட்டார்.

வெள்ளி, சனி ஆட்டங்களிலும் வெண்மதிதான் மேடையேறினாள். ஞாயிறு மூன்றரைக்குப் போன் செய்தாள். ஷோபனாவுக்குக் குரல் வந்துவிட்டது, இப்போது மேடையில் அவள்தான், அவள் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள்.

"நீ வேண்டிக்கினியா நைனா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

"வேண்டிக்கினேம்மா. உன் வேஷம் போயிடும்னு தெரிஞ்சேதான்."



"நானும் அதத்தான் நைனா வேண்டிக்கினேன்" என்றாள். அதற்குமேல் முடியாமல் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை முருகையன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.